அத்தியாயம் 6: பிள்ளை வளர்ப்பவர்கள் வேலையில் துவண்டுபோகும்போது நிறுவனம் செய்ய வேண்டியவை

ஏப்ரல் கடைசியில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் தமிழ்நாட்டின் பல அலுவலகங்களில் ஒரே நிலைதான். லீவு விண்ணப்பங்கள் குவிகின்றன. ஒன்பதரைக்கு வர வேண்டியவர் பத்தே காலுக்கு மூச்சு வாங்க வருகிறார். மாலை ஐந்து மணி மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை மேசைக்கு அடியில் இருக்கும் போனில்தான் இருக்கிறது. வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை தனியாக இருக்கிறது. சில வாரங்களில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஒரு ராஜினாமா கடிதம் வருகிறது. தொழில் நன்றாகத் தெரிந்த ஒருவர் கிளம்பிவிடுகிறார். அவர் இடத்துக்கு ஆள் தேடி, வேலை பழக்கி, கைக்கு வரும்வரை நிறுவனம் திணறுகிறது.

அப்படிக் கிளம்பும் பலர் வேலை பிடிக்காமல் கிளம்புவதில்லை. மாதக்கணக்கில் ஓடி ஓடி ஓய்ந்துபோனதால் கிளம்புகிறார்கள். இருபது பேரை வைத்துத் தொழில் நடத்தும் உரிமையாளர், ஐந்நூறு பேர் கொண்ட ஆலையின் எச்.ஆர். அலுவலர், பத்துப் பேர் குழுவின் டீம் லீட் ஆகிய மூவரும் இதைத் தடுக்க வரிசையாகச் செய்யக்கூடியவை இந்த அத்தியாயத்தில் உள்ளன.

## தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில், இப்படி ஓய்ந்துபோகும் பர்ன்-அவுட் நிலைக்குத் தெளிவான விளக்கம் தந்தது. அது ஒரு நோய் அல்ல. பணியிட அழுத்தம் நீண்ட காலம் சரிவரக் கையாளப்படாமல் போவதால் வரும் நிலை. மூன்று கூறுகள் அதில் சேர்ந்திருக்கும்: சக்தியெல்லாம் வற்றிய களைப்பு, வேலையின் மீது வெறுப்பு அல்லது விலகல், "என்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை" என்ற எண்ணம்.

இத்துறையில் பல்லாண்டு ஆய்வு செய்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைப்பளு, தன் வேலை மீது தனக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் மதிப்பு, உடன் வேலை செய்வோரின் உறவு, நியாயம், விழுமியங்கள் என்ற ஆறு இடங்களில் காரணத்தைத் தேடச் சொல்கிறார். ஆறுமே பணியிடத்தில் இருப்பவை. ஆகவே தீர்வையும் அங்கேதான் தேட வேண்டும்.

பெற்றோருக்குச் சுமை இரட்டிப்பாகிறது. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்டவர்களில் வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். சமையலும் துணி துவைப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2024 ஆகஸ்டில் பெற்றோரின் மன அழுத்தம் குறித்தே தனி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். பெரும்பாலான நாட்களில் அழுத்தம் தாங்க முடியவில்லை என்று அங்கே 48 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள்; மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 26 சதவீதம்.

## அடையாளம் காணும் விதம்

ஒரு நாள் அசதியை வைத்து முடிவு கட்டக் கூடாது. கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

- எப்போதும் கருத்துச் சொல்பவர் மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை.
- கைவந்த வேலையில் சின்னச் சின்னத் தவறுகள். தையல் லைனில் ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் துண்டுகள்) கூடுகிறது, கணக்குப் பிரிவில் ஒரே பில் இரண்டு முறை பதிவாகிறது.
- பர்மிஷனும் அரை நாள் லீவும் அடிக்கடி.
- மதியச் சாப்பாட்டை இடத்திலேயே முடித்துக்கொண்டு வேலையைத் தொடர்வது.
- தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை என்ற பேச்சு.
- சிறு சொல்லுக்கும் எரிச்சல் அல்லது கண்ணீர்.

கவனம்: இது கவனிப்பதற்கான பட்டியல் மட்டுமே. "உங்களுக்கு பர்ன்-அவுட்" என்று மேலாளர் பெயர் சூட்டக் கூடாது. அதே அறிகுறிகள் ரத்தசோகையாலும், தைராய்டு குறைபாட்டாலும், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாலும் வரலாம். அதைக் கண்டறிவது மருத்துவர் வேலை.

## படி 1: சட்டக் கடமையை முதலில் முடித்தல்

சலுகைகளைப் பற்றி யோசிக்கும் முன் உரிமைகள் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. முக்கியமானவை:

1. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு. மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம்.
2. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால் போதும்.
3. திரும்பி வந்த தாய்க்குக் குழந்தை 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை.
4. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி; தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவர அனுமதி.
5. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்புக்குப் பின் இரு தரப்பும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து வேலை செய்யலாம்.
6. விடுப்பில் இருக்கும்போது வேலை நீக்கம் செய்யக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு: "எங்களிடம் பெண்கள் 30 பேர்தான், அதனால் காப்பகம் தேவையில்லை" என்று விட்டுவிடுவது. 50 என்ற எண்ணிக்கையில் ஆண்களும் சேர்த்தி.

## படி 2: தனியாக உட்கார்ந்து பேசுதல்

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எல்லாரும் பார்க்கும் கண்ணாடி அறை வேண்டாம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடும் நேரமும் வேண்டாம்.

1. தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று கூப்பிட்டால் வேலை போய்விடும் என்ற பயம்தான் முதலில் வரும்.
2. கண்டதை மட்டும் சொல்லுங்கள். "கொஞ்ச நாளா ரொம்ப அசந்து தெரியிறீங்க. இது விசாரணை இல்ல. வேலையில எது பாரமா இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்."
3. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நான் எதை மாத்தினா அடுத்த வாரம் உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்?"
4. பேசாமல் காத்திருங்கள். முதல் பதில் பெரும்பாலும் "ஒண்ணுமில்லை சார், சமாளிச்சுக்கிறேன்" என்பதாகவே இருக்கும். உண்மையான பதில் அதற்குப் பிறகுதான் வரும்.
5. உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் ஒன்றையாவது அன்றே மாற்றுங்கள்.
6. இரண்டு வாரம் கழித்து மறுபடி பேசத் தேதி குறியுங்கள்.

சொல்லக் கூடாதவை: "மாமியார் பார்த்துக்க மாட்டாங்களா?", "வீட்டுக்காரருக்கு நல்ல சம்பளம்தானே?", "எங்க அம்மாவெல்லாம் நாலு பிள்ளையை வளர்த்தாங்க", "அடுத்த குழந்தை எப்போ?" இந்தக் கேள்விகளில் ஒன்று வந்தாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆண்களிடம் பேசும்போது கூடுதல் பொறுமை வேண்டும். பிள்ளைக்காக லீவு கேட்பதையே கூச்சமாக நினைக்கும் தந்தையர் அதிகம். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிப் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

## படி 3: வேலைப்பளுவை எடுத்து வைத்துப் பார்த்தல்

பர்ன்-அவுட்டைக் குறைக்க யோகா வகுப்பும் ஊக்கப் பேச்சும் நடத்தும் நிறுவனங்கள் பல. வேலை குறையாமல் யோகா வகுப்பு மட்டும் வந்தால், வீட்டுக்குப் போகும் நேரம் ஒரு மணி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். முதலில் பளுவைக் குறைக்க வேண்டும்.

1. அவர் ஒரு வாரத்தில் செய்யும் எல்லா வேலையையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். போனில் பதில் சொல்வது, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது, பிறந்தநாள் கேக் ஏற்பாடு செய்வது வரை எல்லாமே.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்: தொடரலாம், தள்ளிப்போடலாம், வேறொருவருக்குத் தரலாம், விட்டுவிடலாம்.
3. "விட்டுவிடலாம்" என்ற வரிசையில் இரண்டாவது வரும்வரை தாளை மூடாதீர்கள். யாரும் படிக்காத வாராந்திர ரிப்போர்ட் ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது.
4. வேறொருவருக்குத் தரும் வேலைக்கு அவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை இல்லாதவர், திருமணமாகாதவர் என்பதற்காக ஒருவர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் அவரும் துவண்டுவிடுவார்.

இப்படி வேலையை மறுபடி அமைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சமூகவியலாளர்கள் எரின் கெல்லியும் ஃபில்லிஸ் மோயனும், பெயர் வெளியிடாத பெரிய அமெரிக்க ஐ.டி. நிறுவனம் ஒன்றில் குழுக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் எங்கே, எப்போது, எப்படி வேலை செய்வது என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்தார்கள். மேலாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. இன்னொரு பிரிவு பழையபடியே நடந்தது. முதல் பிரிவில் பர்ன்-அவுட் குறைந்தது. தாமாக வேலையை விட்டுப் போனவர்களும் குறைந்தார்கள்.

## படி 4: நேரத்தை முன்கூட்டியே தெரியப்படுத்துதல்

பிள்ளை வளர்ப்பவருக்கு நீண்ட நேர வேலையைவிட, எப்போது முடியும் என்று தெரியாத வேலைதான் பெருந்தொல்லை. ஏழு மணிக்கு முடியும் என்று காலையிலேயே தெரிந்தால் பக்கத்து வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஐந்தரைக்கு வந்து "இன்னிக்கு ஓ.டி. இருக்கு" என்று சூப்பர்வைசர் சொன்னால் என்ன செய்வது? பள்ளி வேன் அதற்குள் தெருமுனைக்கு வந்திருக்கும்.

அமெரிக்காவின் கேப் துணிக்கடைகளில் 2015, 2016-இல் இதைச் சோதித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகள் பங்கேற்றன. சில கடைகளில் ஷிப்ட் நேரங்கள் நிலையாக்கப்பட்டன; ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது.

செய்ய வேண்டியவை:

1. ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள்.
2. ஓ.டி. தேவை என்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் கேளுங்கள். மறுப்பவரின் பெயரைக் குறித்து வைக்காதீர்கள்.
3. காலை பத்துக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் மீட்டிங் வைக்காதீர்கள்.
4. அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு நேரம் வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாயின் போனில் "நாளை பிராஜெக்டுக்கு தெர்மாகோல், கலர் பேப்பர், கம் கொண்டுவரவும்" என்று பள்ளிக் குழுவிலிருந்து செய்தி வருகிறது. கடை மூடும் முன் அவர் செருப்பு மாட்டும்போது "அந்த ஃபைல் அனுப்பிட்டீங்களா?" என்று அலுவலகக் குழுவும் கேட்கக் கூடாது.
5. பள்ளி நாட்காட்டியை நிறுவன நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஜூன் பள்ளித் திறப்பு, செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, டிசம்பர் அரையாண்டு, மார்ச் பொதுத்தேர்வு, மே விடுமுறை ஆகியவற்றைக் குறித்துவிட்டு, உங்கள் கையில் இருக்கும் கெடு தேதிகளை அவற்றிலிருந்து நகர்த்துங்கள்.

## படி 5: வளைந்து கொடுக்கும் நேரமும் இடமும்

டிரிப்.காம் நிறுவனம் ஷாங்காயில் 1,612 ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. அதன் முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் தரத்தில் குறை ஏதும் தெரியவில்லை.

வீட்டுக்கு மெஷினைத் தூக்கிப்போக முடியாத இடங்களிலும் வழி உண்டு.

- ஆலை, பட்டறை: பள்ளியில் விட்டுவிட்டு வர வசதியாக ஒன்பதே கால் மணிக்குத் தொடங்கும் ஒரு லைன், ஒரே வேலை தெரிந்த இருவருக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் உரிமை.
- கடை, மருத்துவமனை: மாதத்துக்கு நான்கு மணி நேர பர்மிஷன், சம்பளப் பிடித்தம் இல்லாமல்.
- அலுவலகம்: எல்லாரும் இருக்க வேண்டிய மைய நேரம் பதினொன்றிலிருந்து நான்கு வரை, மிச்ச நேரம் அவரவர் வசதி.

அடிக்கடி நடக்கும் தவறு: வீட்டிலிருந்து வேலை செய்பவர் கூடவே பிள்ளையையும் பார்த்துக்கொள்வார் என்று எண்ணுவது. இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கிளையன்ட் கால் பேச முடியாது. வேலை நேரத்தில் குழந்தையைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அதற்கு அடுத்த படி.

## படி 6: குழந்தைகள் காப்பகம்

பேடகோனியா ஆடை நிறுவனம் 1983 முதல் கலிஃபோர்னியாவின் வென்சுராவில் தன் வளாகத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துகிறது. ஆள் நிலைத்து நிற்பது, வரிச் சலுகை முதலியவற்றால் செலவில் பெரும்பங்கு திரும்பக் கிடைத்துவிடுகிறது என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் மீரா மகாதேவன் 1969-இல் டெல்லியில் ஒரு கட்டட வேலைத் தளத்திலேயே சித்தாள் பெண்களின் குழந்தைகளுக்காக மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார். மண்ணும் ஜல்லியும் குவிந்த இடத்தில் முடிந்தது, ஏ.சி. கட்டடத்தில் முடியாததல்ல.

1. முதலில் கணக்கெடுங்கள்: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எத்தனை குழந்தைகள்? தந்தையரின் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும்.
2. இடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். பாய்லர், ஜெனரேட்டர், சாயப் பிரிவு, லாரி நிற்கும் வழி ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.
3. சொந்தமாக நடத்த முடியாத சிறு நிறுவனங்கள் அருகிலுள்ள நிறுவனங்களோடு சேர்ந்து ஒன்றை நடத்தலாம். நல்ல காப்பகத்தோடு ஒப்பந்தமும் செய்யலாம்.
4. பராமரிப்பாளர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் சரிபாருங்கள்.
5. யார் கையில் குழந்தையை ஒப்படைக்கலாம் என்ற பட்டியலை, புகைப்படத்தோடு, வாசலில் இருப்பவரிடம் கொடுங்கள்.
6. காப்பகம் மூடும் நேரம் ஷிப்ட் முடிந்து அரை மணி கழித்து இருக்கட்டும். ஆறு மணிக்கு ஷிப்ட் முடியும் இடத்தில் காப்பகத்தையும் ஆறுக்கே பூட்டினால், கடைசிக் குழந்தை பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கும். அதன் தாய் பஞ்சிங் வரிசையில் நிற்பார்.

## படி 7: திரும்பி வரும் தாய், விடுப்பு கேட்கும் தந்தை

மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் காவலர்களுக்கு, பெற்றோர் அல்லது கணவர் குடும்பத்தார் வசிக்கும் மாவட்டத்திலேயே மூன்றாண்டு பணியிடம் தரப்படும் என்று 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் ஊரில் வேலை கொடுப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கைக்குழந்தையோடு இடமாற்றம் பெற்றவர்கள் அறிவார்கள். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவனங்களும் இதைச் செய்யலாம்.

திரும்பி வரும் முதல் மாதம்:

1. முதல் வாரம் பாதி வேலை. பிறகு படிப்படியாக முழு வேலை.
2. பால் எடுத்து வைக்கத் தாழ்ப்பாள் உள்ள அறை, நாற்காலி, கை கழுவும் இடம், சிறு ஃபிரிட்ஜ். கழிவறை இதற்கு இடமல்ல.
3. பழைய பொறுப்பையே திருப்பிக் கொடுங்கள். "கஷ்டப்பட வேண்டாம்" என்று சின்ன வேலைக்கு மாற்றுவது உதவி ஆகாது. வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.
4. விடுப்பில் இருந்த மாதங்களை அப்ரைசலில் குறையாக எழுதாதீர்கள்.

தந்தையருக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் சட்டக் கட்டாயம் இல்லாததால் நிறுவனமே முன்வந்து குறைந்தது அந்த 15 நாளாவது தர வேண்டும். தந்தை வீட்டில் ஒரு பங்கு சுமந்தால்தான் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்யும் தாய் துவளாமல் இருப்பார். மேலதிகாரி ஒருவர் முதலில் இந்த விடுப்பை எடுத்துவிட்டால் மற்றவர்களின் தயக்கம் போய்விடும்.

## பாதுகாப்பு: இவற்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது

- உயிர் ஆபத்துப் பேச்சு: "இருந்து என்ன பயன்" என்பது போன்ற சொற்கள் வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 108.
- இயந்திரம், வாகனம்: இரவெல்லாம் குழந்தையோடு விழித்தவரை கட்டிங் மெஷினிலோ ஃபோர்க்லிஃப்டிலோ நிறுத்தாதீர்கள். "இன்று தூங்கவில்லை" என்று சொன்னால் வேறு வேலை கிடைக்கும், சம்பளம் குறையாது என்ற உறுதி இருந்தால்தான் உண்மையைச் சொல்வார்கள்.
- ரகசியம்: தனியே சொன்னது வாட்ஸ்அப் குழுவுக்கோ டீக்கடைப் பேச்சுக்கோ போகக் கூடாது. உடல்நலக் குறிப்புகள் ஒருவர் பொறுப்பில் பூட்டிய கோப்பில் இருக்கட்டும்.
- பழிவாங்கல்: உதவி கேட்டவர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து காணாமல் போகிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளரே சரிபார்க்க வேண்டும்.

## 90 நாள் அட்டவணை

1. முதல் இரண்டு வாரம்: சட்டக் கடமைகளைச் சரிபார்த்தல், பெற்றோர் எத்தனை பேர், குழந்தைகள் எந்த வயது என்ற கணக்கு. விவரம் தருவது அவரவர் விருப்பம்.
2. 3, 4-ஆம் வாரம்: சூப்பர்வைசர்களுக்கு அரை நாள் பயிற்சி. படி 2-இல் உள்ள உரையாடலை இருவர் இருவராகப் பேசிப் பார்க்கச் செய்யுங்கள்.
3. 5 முதல் 8-ஆம் வாரம்: தனிப் பேச்சுகள், வேலைப் பட்டியல், ஷிப்ட் முன்னறிவிப்பு தொடக்கம்.
4. 9 முதல் 12-ஆம் வாரம்: ஒரு பிரிவில் மட்டும் நேர மாற்றத்தைச் சோதித்தல், காப்பகத்துக்கு இடம் பார்த்தல்.
5. 90-ஆம் நாள்: கணக்குப் பார்த்தல்.

அந்தக் கணக்குக்கு நான்கு எண்கள் போதும்: மூன்று மாத ராஜினாமாக்கள், திடீர் லீவு நாட்கள், ஓ.டி. மணிகள், தரச் சோதனையில் திரும்பிய துண்டுகள் அல்லது பிழைகள். தொடங்கும் முன் இருந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பெயர் போடாத சீட்டில் "முன்பைவிட லேசாக இருக்கிறதா?" என்று ஊழியர்களிடமும் கேளுங்கள். எண்கள் நன்றாக இருந்து சீட்டுகள் "இல்லை" என்று சொன்னால் சீட்டுகளை நம்பி, படி 3-இல் எழுதிய வேலைப் பட்டியலை மறுபடி எடுத்து வையுங்கள். "விட்டுவிடலாம்" என்று குறித்த வேலைகள் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.